ஆசேர் குலத்து அன்னா

இந்த வருடம், 2025-இல், கிறிஸ்மஸுக்கு முந்தைய காத்திருப்பு நாள்களான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 30-ஆம் தேதி வந்தது. காலண்டரைப் புரட்டியபோதே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் கடற்கரையில் நவம்பர் 30 என்றால் ஒரே அர்த்தம்தான். அன்றைய நற்செய்தி வேறு நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றியது. வெள்ளம் வந்து எல்லாரையும் அடித்துக்கொண்டு போகும்வரை அவர்கள் ஒன்றும் அறியாமல் உண்டும் குடித்தும் இருந்தார்கள் என்று மத்தேயு 24-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வார் இல்லையா, அந்தப் பகுதி. பாதர் வாசித்து முடித்தபோது கோயிலில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. எனக்கு எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு ஞாபகத்துக்கு வந்தது. அதை எழுத வேண்டும் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் நினைப்பேன், தள்ளிப்போடுவேன். இந்த முறை எழுதிவிடுகிறேன்.

2017-இல் திருவருகைக் காலம் மொத்தம் 22 நாள்தான். கிறிஸ்மஸ் திங்கட்கிழமையில் வந்தால் அப்படித்தான் ஆகும், நான்காம் ஞாயிறு டிசம்பர் 24-லேயே வந்துவிடும், காலையில், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்திகளில் நான்காவதைக் கொளுத்திவிட்டு அன்று ராத்திரியே குடிலில் பாலனை வைப்போம். அதைவிடச் சின்னத் திருவருகைக் காலம் இருக்க முடியாது. சின்ன வயதில் இப்படி வரும் வருடங்கள் எங்களுக்குக் கொண்டாட்டம், சீக்கிரம் கிறிஸ்மஸ் வந்துவிடும் என்று. அந்த வருடமோ ஒவ்வொரு நாளும் நகரவே இல்லை.

நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கிப் புயல். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைக்குத் தெற்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் புயலாக மாறிக் குமரிக் கடலைக் கடந்தது. எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது ஆழ்கடல் தொழிலுக்குப் போகும் படகுகள் எப்போதோ கரையை விட்டிருந்தன. எங்கள் பக்கம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே நீரோடி வரைக்கும் உள்ள ஊர்களில், ஆண்கள் போனால் அன்றே திரும்பும் தொழில் கிடையாது. வாரக்கணக்கில், சில சமயம் ஒரு மாதத்துக்கும் மேலே கடலில் கிடந்து, சுறாவும் சூரையும் பிடித்து வருகிறவர்கள். படகில் இருக்கும் வயர்லெஸ் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. கரையில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன, கரண்டுக் கம்பங்கள் ஒடிந்தன, பல நாள் மின்சாரம் இல்லை. அதெல்லாம் பிறகு சரியாகிவிட்டது. கடலில் போனவர்களின் கணக்குத்தான் கடைசிவரை சரியாகவில்லை.

நவம்பர் 30 அந்திரேயாவின் திருநாள். பேதுருவின் சகோதரர், கலிலேயக் கடலில் வலை வீசியவர், இயேசு கூப்பிட்டதும் வலையை அப்படியே போட்டுவிட்டுப் போனவர். திருவருகைக் காலம் எந்த ஞாயிறு தொடங்க வேண்டும் என்பதற்குத் திருச்சபை வைத்திருக்கும் கணக்கே இந்த அந்திரேயா திருநாளை ஒட்டியதுதான், அந்தத் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறு. ஒரு மீனவனின் நாளை வைத்துத்தான் திருச்சபை தன் காத்திருப்பைத் தொடங்குகிறது. இதை நான் மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், பெருமையாக. 2017-க்குப் பிறகு அதைச் சொல்ல வரும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

டிசம்பர் 3, முதல் ஞாயிறு. அன்று முதல் வாசகம் வாசிக்க வேண்டியது நான். ஒரு மாதம் முன்பே எங்கள் அன்பியத்துக்கு, அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழுவுக்கு, ஒதுக்கி எழுதிப் போட்ட பட்டியல். கரண்டு இல்லை, மைக் இல்லை, ஊதா நிறத் துணி மட்டும் பீடத்தில் விரித்திருந்தது. வளையத்தில் முதல் மெழுகுவர்த்தியைப் பாதர் கொளுத்தினார், அது அணைந்தது, மறுபடி கொளுத்தினார். கோயில் நிறைய ஆட்கள், ஆனால் பாதிக்கு மேல் பெண்கள். நான் புத்தகத்தைத் திறந்து இறைவாக்கினர் எசாயா நூலின் 63-ஆம் அதிகாரத்தைப் பார்த்தேன். வானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கி வரமாட்டீரா என்று கடவுளிடம் முறையிடும் பகுதி அது. பாபிலோனியர் கோயிலை இடித்துப் போட்டு, நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தும் ஒன்றும் சரியாகாத மக்கள், எங்களை ஏன் உம் வழியை விட்டு விலகிப் போக விட்டீர், உம் முகத்தை ஏன் மறைத்துக்கொண்டீர் என்று சண்டை போடுகிறார்கள். நான் இதற்கு முன்பும் இதை வாசித்திருக்கிறேன். நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு, நல்லா வாசிச்ச என்று நாலு பேர் சொல்லும்படி. அன்று நாலாவது வரியில் என் குரல் போய்விட்டது. முன் வரிசையில் ஒரு கிழவி சத்தமாக, "வாசி மக்களே, வாசி, அவருக்குக் கேக்கட்டும்" என்றாள். வாசித்தேன்.

திருவருகைக் காலம் என்பதைக் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுவதும் கேரல் ரவுண்ட்ஸ் போவதும் முந்திரிக்கொத்து சுடுவதுமாக மட்டும் நினைத்திருந்த எனக்கு, அந்த வாசகத்தை யார் எதற்காக அங்கே வைத்தார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. திருச்சபை இந்தக் காலத்தைப் பாலனின் தொட்டிலில் தொடங்குவதில்லை. ஓர் இடிந்த ஊரில், கடவுளிடம் கோபப்படுகிற ஒரு கூட்டத்தின் நடுவில் தொடங்குகிறது. அதற்கு அடுத்து வந்த நற்செய்தி மாற்கு 13. விழிப்பாயிருங்கள், வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று உங்களுக்குத் தெரியாது, மாலையிலா, நள்ளிரவிலா, சேவல் கூவும் நேரத்திலா, காலையிலா. எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் மூன்று நாளாக அந்த நான்கு நேரமும் கடற்கரையில் நின்றுவிட்டு வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி எங்கள் அடுத்த வீட்டு அக்கா. பெயர் வேண்டாம். அவளுடைய வீட்டுக்காரர் புயலுக்கு இரண்டு வாரம் முன்னால் கடலுக்குப் போனவர். பையன் அப்போது ஒன்றாம் வகுப்பு. முதல் வாரம் முழுக்க அவள் அழவே இல்லை, எல்லாருக்கும் அதுதான் பயம். படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கியிருக்கின்றன, மகாராஷ்டிரத்தில் கரை சேர்ந்திருக்கின்றன, குஜராத்தில் சேர்ந்திருக்கின்றன என்று ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி வரும். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருந்தது, செத்தான் என்று நினைத்தவன் போனில் கூப்பிட்டான், தெருவே ஓடிப்போய் அந்த வீட்டு முன்னால் நின்றது. அதனால் யாராலும் நம்பிக்கையை விட முடியவில்லை. பக்கத்து ஊரில் சர்ச் ஹாலில் ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள், அக்கா தினமும் அங்கே போய் செல்போனை சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவாள். அவியளுக்க கூப்பாடு வரும்போது போன் செத்துக் கிடக்கக் கூடாதுல்லா என்பாள். டிசம்பர் 7-ஆம் தேதி காணாமற்போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்களே, அவளும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ராத்திரி வரை அங்கே இருந்தாள்.

இரண்டாம் ஞாயிறு வாசகம் எசாயா 40, என் மக்களுக்கு ஆறுதல் கூறுங்கள். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு, ரோஸ் நிற மெழுகுவர்த்தி, எப்பொழுதும் மகிழ்ச்சியாயிருங்கள் என்று பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியது. அன்று பாதர் மறையுரை வைக்கவில்லை. பீடத்தை விட்டு இறங்கி வந்து முதல் பெஞ்சில் மக்களோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் எழுந்து விசுவாச அறிக்கையைத் தொடங்கினார். நான் கேட்ட நல்ல மறையுரைகளில் அதையும் சேர்ப்பேன்.

நான் ஒரு தப்பு செய்தேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மெசியாவுக்காக மக்கள் எத்தனை நூற்றாண்டு காத்திருந்தார்கள், கடைசியில் வந்தார் இல்லையா, கடவுள் வாக்கு மாறமாட்டார் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவரு வந்தாரு. செரி. அவிய வருவாவளா? அத மட்டும் சொல்லு" என்றாள்.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பைபிளைத் திரும்ப வாசிக்க வைத்தது. ஒருவேளை நான் காத்திருப்பு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மேலோட்டமானதோ என்று தோன்றியது. நமக்குத் தேதி தெரியும், அதுதான் நம்முடைய சிக்கல். டிசம்பர் 25 எங்கேயும் போகாது, ரயில் டிக்கெட்கூட மாதக்கணக்கில் முன்னாலேயே எடுத்துவிடுகிறோம். தேதி தெரிந்த பிறகு செய்வதற்குப் பெயர் ஏற்பாடு. எசாயாவுக்கோ மலாக்கிக்கோ தேதி தெரியாது. பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கத்தில் எலியா வருவார் என்று எழுதி மூடியதற்கும் யோர்தானில் திருமுழுக்கு யோவான் குரல் கேட்டதற்கும் இடையே எத்தனை தலைமுறை போயிற்று. யூதர்கள் இன்னும் பாஸ்கா இரவில் எலியாவுக்கு ஒரு கிண்ணம் ஊற்றி வைத்துக் கதவைத் திறந்து பார்க்கிறார்கள்.

இன்னொன்று, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதிலேயே அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மெசியா என்றால் எண்ணெய் பூசப்பட்டவர், அவ்வளவுதான். அரசருக்கும் குருவுக்கும் பூசுவார்கள். எசாயா 45-இல் பாரசீக அரசன் சைரசையே கடவுள் அப்படிச் சொல்கிறார், ஒரு வேற்று நாட்டுக்காரனை. சிலர் தாவீது மாதிரி ஓர் அரசன் வந்து உரோமையனை விரட்டுவான் என்று இருந்தார்கள். சாக்கடல் ஓரத்தில் கும்ரானில் வாழ்ந்தவர்களின் சுருளில் ஆரோன் வழியில் ஒருவர், இஸ்ரயேல் வழியில் ஒருவர் என்று இரண்டு மெசியா வருவதாக இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு படம் மனசில். வந்தவரோ யாருடைய படத்துக்கும் பொருந்தவில்லை. காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் வந்ததே தெரியாமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, வானத்தைக் கிழித்துக்கொண்டு வரச் சொன்னவர்கள் மாட்டுத் தொழுவத்தை எட்டிப் பார்க்கவில்லை என்றால் அதில் என்ன ஆச்சரியம்?

கண்டுகொண்டவர்கள் யார் என்று பார்த்தால் லூக்கா இரண்டு பேரைக் காட்டுகிறார். குழந்தையை எருசலேம் கோயிலுக்குக் கொண்டுவந்த நாளில் சிமியோன், அன்னா. சிமியோனை எல்லாருக்கும் தெரியும், அவருக்கு ஒரு பாட்டு உண்டு, உமது சொற்படி உம் அடியானை அமைதியுடன் போகச் செய்கிறீர் என்று, இரவுச் செபத்தில் தினமும் குருக்களும் கன்னியரும் சொல்வது. அவர் கிழவர் என்று லூக்கா எங்கேயும் எழுதவில்லை, நாம்தான் தாடி வைத்து வரைந்துவிட்டோம். அன்னாவின் வயதைத்தான் லூக்கா சொல்கிறார், 84. ஆனால் அவளுக்குப் பாட்டு இல்லை. அவள் பேசியதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. கடவுளைப் புகழ்ந்தாள், எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் குழந்தையைப் பற்றிப் பேசினாள், அதோடு முடிந்தது. மூன்று வசனம்.

அந்த மூன்று வசனத்தை நான் அந்த டிசம்பர் கடைசியில் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆசேர் குலத்தைச் சேர்ந்த பானுவேலின் மகள். மணமாகி ஏழு ஆண்டு கணவனோடு வாழ்ந்தவள். பிறகு கைம்பெண். கோயிலை விட்டு நீங்காமல் நோன்பிலும் மன்றாட்டிலும் அல்லும் பகலும் இருந்தவள்.

ஆசேர் யார்? யாக்கோபின் பன்னிரண்டு மகன்களில் ஒருவர். அந்தக் குலத்துக்குக் கிடைத்த நிலம் வடக்கே, மத்தியதரைக் கடலோரம், அக்கோவிலிருந்து தீர் பக்கம் வரைக்கும். நீதித் தலைவர்கள் புத்தகத்தில் தெபோரா பாடும் பழைய பாட்டில், மற்றவர்கள் சண்டைக்கு வந்தபோது ஆசேர் கடற்கரையிலேயே தங்கிவிட்டான், தன் துறைகளின் அருகில் இருந்துவிட்டான் என்று வரும். திட்டுவதுதான், ஆனாலும் எனக்கு அதைப் படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. அன்னா கடற்கரைக் குலத்துக்காரி! கணவனை இழந்த, கடற்கரைக் குலத்துப் பெண். எத்தனை வருடம் அவளை நான் கோயில் தூணோரம் நிற்கும் யாரோ ஒரு பக்தியான பாட்டியாகக் கடந்து போயிருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. கி.மு. 722-இல் அசீரியர் வடநாட்டைப் பிடித்தபோது ஆசேரும் மற்ற வடக்குக் குலங்களும் கடத்தப்பட்டார்கள். காணாமற்போன பத்துக் குலங்கள் என்று சொல்கிறோமே, அதில் ஒன்று ஆசேர். எசேக்கியா அரசர் காலத்தில் ஆசேரிலிருந்து சிலர் எருசலேமுக்கு வந்தார்கள் என்று பைபிளின் குறிப்பேடு நூலில் ஒரு வரி இருக்கிறது, அன்னாவின் முன்னோர் அவர்களில் இருந்திருக்கலாம். எப்படியோ, கணக்கில் இல்லை என்று எழுதி முடிக்கப்பட்ட குலத்திலிருந்து ஒருத்தி கோயிலில் நிற்கிறாள், அப்பன் பெயர், குலத்தின் பெயர் எல்லாவற்றோடும். லூக்கா அதைக் கவனமாக எழுதி வைத்திருக்கிறார்.

இன்னும் ஒரு கணக்கு. ஏரோது கி.மு. 4-இல் செத்தான், இயேசு அதற்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தவர். அப்போது அன்னாவுக்கு 84 என்றால் அவள் பிறந்தது கி.மு. 90-ஐ ஒட்டி. அப்படியானால் கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்துக் கோயிலின் உள்தூயகத்துக்குள்ளேயே நுழைந்தபோது அவள் இருபத்தைந்து வயதைத் தாண்டிய இளம் விதவை. ஏரோது உரோமைப் படையோடு வந்து நகரத்தைப் பிடித்த கி.மு. 37-இல் அவளுக்கு ஐம்பதுக்கு மேல். அப்புறம் அதே ஏரோது கோயிலை இடித்துக் கட்டத் தொடங்குகிறான், அவள் நின்று செபித்த முற்றத்திலேயே கல்லும் சுண்ணாம்பும். எல்லாவற்றையும் பார்த்தாள். கணவன் திரும்பி வரவில்லை. பிள்ளை இருந்ததாகச் செய்தி இல்லை. அறுபது வருடம் ஒவ்வொரு நாளும் அந்தப் படிகளில் ஏறி வந்தாள் என்றால், எத்தனை குழந்தைகளைத் தாய்மார் அந்த வாசல் வழியே தூக்கி வந்திருப்பார்கள், எத்தனை முகத்தை அவள் குனிந்து பார்த்திருப்பாள்.

எபிரேயத்தில் நம்பிக்கைக்கு திக்வா என்று ஒரு சொல் உண்டு. யோசுவா புத்தகத்தில் இராகாபு தன் சன்னலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டித் தொங்கவிடுவாள், அந்தக் கயிற்றுக்கும் அங்கே திக்வா என்றுதான் இருக்கிறது. ஆண்டவருக்காகக் காத்திருப்போர் கழுகுபோல் இறக்கை விரிப்பார்கள் என்று எசாயா சொல்லும் இடத்தில் வரும் காத்திருத்தலும் இதே வேரிலிருந்து வந்தது, கயிறு திரிப்பதோடு தொடர்பு உள்ள வேர் என்பார்கள். எங்கள் பாட்டா வடம் முறுக்குவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒரு முனை ஆணியில், மறுமுனை கையில். இழுவை விட்டால் பிரிந்துவிடும், அதனால் பேச்சுக்கூடப் பேசமாட்டார். 130-ஆம் திருப்பாடலை எங்கள் ஊரில் சாவு வீட்டில் சொல்வோம். தமிழில் ஆழ்ந்த துயரத்தில் இருக்கும் நான் என்று இருக்கிறது, மூலத்தில் ஆழங்களிலிருந்து என்றுதான், எசாயா கடலின் ஆழத்துக்குச் சொல்லும் அதே சொல். ஆழ்கடலிலிருந்து கூப்பிடுகிற பாட்டு. அதில்தான், விடியலுக்காகக் காத்திருக்கும் காவலரைவிட என் நெஞ்சம் உமக்காகக் காத்திருக்கிறது என்று இரண்டு தடவை அடுத்தடுத்து வரும்.

2017 டிசம்பர் 24 ராத்திரி எங்கள் தெருவில் ஒரு ஸ்டார்கூட இல்லை. கோயிலில் குடில் வைத்தோம், அலங்காரம் இல்லாமல். அக்கா வந்தாள், பையனைப் பாலனின் காலை முத்தம் செய்ய வைத்தாள், போய்விட்டாள்.

டிசம்பர் 30 சனிக்கிழமை. புயலடித்து முப்பதாம் நாள். எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு முப்பதாம் நாள் பூசை வைப்போம். சில வீடுகளில் பெயர் கொடுத்திருந்தார்கள், பலர் கொடுக்கவில்லை. பெயர் கொடுத்தால் செத்துப் போனார் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா? கரையில் கிடைத்த உடல்களோடு ஒத்துப் பார்க்க டிஎன்ஏ சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வராமல் இருந்தவர்கள் வேறு. அக்காவும் பெயர் கொடுக்கவில்லை, ஆனால் பூசைக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதர் நற்செய்தியைத் தொடங்கினார். ஆசேர் குலத்தைச் சேர்ந்த பானுவேலின் மகளாகிய அன்னா.

யாரும் தேடி எடுத்து வைத்த வாசகம் இல்லை அது. கிறிஸ்மஸ் தொடங்கி எட்டு நாள் கொண்டாடும் எண்கிழமையில் டிசம்பர் 30-க்கு எல்லா வருடமும் உலகம் முழுக்க அதே நற்செய்திதான், அன்று திருக்குடும்பத் திருநாளாக இல்லாவிட்டால். மறுநாள் திருக்குடும்ப ஞாயிறு, அதன் நற்செய்தியிலும் அன்னா வந்தாள். அடுத்தடுத்து இரண்டு நாள் அந்தக் கைம்பெண் எங்கள் கோயிலுக்கு வந்து நின்றாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பூசை முடிந்து வெளியே வரும்போது அக்கா என்னிடம், "எம்பத்திநாலு வயசுவரைக்குமா?" என்று கேட்டாள். ஆமா என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். காணாமற்போனவர் ஏழு வருடம் தகவலே இல்லாமல் இருந்தால்தான் சட்டம் அவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். ஒக்கிக் குடும்பங்களுக்கு அந்த விதியைத் தளர்த்தினார்கள், அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம் இல்லாமல் பல குடும்பங்கள் எழுந்திருக்க முடியாது, படகுக் கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதில்தான். ஆனால் வாங்க வேண்டுமானால் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டாள், பையனுக்காக. போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் காத்திருக்கிறதை நிப்பாட்டிட்டேன்னு எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். அன்னா கணவனுக்காகக் காத்திருக்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம், அவள் மீட்பருக்காகக் காத்திருந்தாள், அது வேறு இது வேறு என்று. ஆனால் எனக்கு அவ்வளவு சுத்தமாகப் பிரிக்கத் தெரியவில்லை. இருபது வயதில் ஒருவனை இழந்து, அந்த இழப்போடுதான் அவள் கோயிலுக்கு வந்தாள், அதை வெளியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவில்லை. எல்லா முகத்திலிருந்தும் கண்ணீரைத் துடைப்பேன், சாவை என்றைக்குமாக ஒழித்துவிடுவேன் என்று எசாயா 25 சொல்கிறது, திருவருகைக் காலத்து முதல் புதன்கிழமை வாசகம் அது. எல்லா முகம் என்றால் அவள் முகமும்தான். அவள் பார்த்த குழந்தை வளர்ந்து நயீனில் ஒரு கைம்பெண்ணின் மகனைப் பாடையைத் தொட்டு எழுப்பினார், நண்பர் இலாசரின் சாவுக்கு அழுதார், தானும் செத்தார், எழுந்தார். அதை அன்னா பார்க்கவில்லை. நாற்பது நாள் குழந்தை ஒன்றைப் பார்த்துவிட்டு, இது போதும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். முழுவதும் நடந்து முடிந்ததைப் பார்த்தவர்கள் மாதிரி நாம் பேசுகிறோம். நாமும் பார்க்கவில்லை. கடல் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்று திருவெளிப்பாடு 20-இல் இருக்கிறது. அது இன்னும் நடக்கவில்லை. நடக்கும் என்று நான் நம்புகிறேன், சொல்லப்போனால் என் விசுவாசம் முழுக்க இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது, எங்கள் கடற்கரையில் பிறந்தவளுக்கு வேறு எந்த வரியில் நிற்கும்?

மாரனாத்தா என்று ஒரு சொல்லைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கிரேக்கக் கடிதத்தின் முடிவில் மொழிபெயர்க்காமல் அரமேயத்திலேயே விட்டிருக்கிறார். இயேசுவின் வீட்டில் பேசிய மொழி. அதை மாரனா தா என்று பிரித்தால் எங்கள் ஆண்டவரே வாரும். மாரன் ஆத்தா என்று பிரித்தால் எங்கள் ஆண்டவர் வந்துவிட்டார். எழுத்து ஒன்றேதான். முதல் கிறிஸ்தவர்கள் எந்த அர்த்தத்தில் சொன்னார்கள் என்று அறிஞர்கள் பேசட்டும், அக்கா திண்ணையில் கேட்ட கேள்விக்கு அருகில் வருகிற ஒரு சொல்லாக நான் அதை வைத்திருக்கிறேன். அவளிடம் சொன்னதில்லை.

பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. என் மறைக்கல்வி வகுப்பில்தான் இருக்கிறான், கேள்வி கேட்டே என்னைக் களைக்க வைப்பான். அவர்கள் வீட்டில் மறுபடி குடில் வைக்கத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. டிசம்பர் பிறந்ததும் அக்கா தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்துவிடுவாள், கிறிஸ்மஸுக்குப் பச்சைப் பசேல் என்று புல் வந்து நிற்கும். பையன் அட்டையில் மலை செய்வான், கண்ணாடித் துண்டு வைத்து அதன் ஓரம் மணல் கொட்டிக் கடல் செய்வான், கடலில் தெர்மாக்கோலில் ஒரு வள்ளம். பெத்லகேமில் கடல் இல்லையே என்று யாரும் எங்கள் ஊரில் கேட்கமாட்டார்கள். போன வாரம் நான் போனபோது அவன் வள்ளத்தை வைத்துவிட்டு விளக்குச் சரத்துக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். அக்கா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து பார்த்தாள், குனிந்தாள், வள்ளத்தை எடுத்து அதன் முகம் கரையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.